உங்கள் ஊர் ரயில் பாதைக்கு டீசலா, கரண்டா? கணக்குப் போட ஒரு வழி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி மகள் கையில் ஒரு காகிதத்தோடு வந்தாள். நாகர்கோவிலில் பி.ஏ. பொருளாதாரம் படிக்கிறாள். எங்கள் பக்கத்துப் பயணிகள் சிலர் சேர்ந்து, நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே காலையில் இன்னொரு மெமு வண்டி (தனி எஞ்சின் இல்லாமல் கரண்டில் ஓடும் பயணிகள் வண்டி) கேட்டு மனு எழுதுகிறார்கள். எழுதும் பொறுப்பு அவளுக்கு. "மின்சார ரயில் சிக்கனமானது, ஆகவே கூடுதல் வண்டி இயக்குவது எளிது" என்று ஒரு வரி எழுதியிருந்தாள்.

"எவ்வளவு சிக்கனம் மக்ளே?" என்று கேட்டேன்.

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே பெரியப்பா."

எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மனுவைப் படிக்கும் அதிகாரிக்கு எண் வேண்டும். எவ்வளவு மிச்சம், எத்தனை வண்டி ஓடினால் மிச்சம், எந்தப் பாதையில் மிச்சமே வராது என்று சொல்லத் தெரிந்தவன் கேட்டால்தான் பதில் கிடைக்கும். அன்று சாயங்காலம் வரை இரண்டு பேரும் உட்கார்ந்து போட்ட கணக்கை இங்கே எழுதுகிறேன். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

என்னைப் பற்றி ஒரு வரி. 1984-இல் டீசல் அசிஸ்டென்டாகச் சேர்ந்து, 2022-இல் லோகோ பைலட்டாக ஓய்வு பெற்றேன். முதல் பாதி டீசல், பிறகு கரண்ட். 1979 ஏப்ரலில் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி பாதை திறந்தபோது எனக்குப் பதினேழு வயது. குமரி மாவட்டத்துக்கு மீட்டர்கேஜே கிடையாது, நேராக அகலப் பாதைதான் வந்தது. 1981-இல் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு இணைப்பு வந்தது. கம்பியும் கரண்டும் வந்தது அதற்கு வெகு காலம் கழித்து, 2010-க்குப் பிறகுதான். இரண்டு காலத்திலும் இதே பாதையில் வண்டி ஓட்டியிருக்கிறேன்.

முதலில் வண்டிகளை எண்ணுங்கள்

எல்லாரும் முதலில் டீசல் விலையைக் கேட்பார்கள். நான் வண்டி எண்ணிக்கையைக் கேட்பேன். கரண்ட் எஞ்சினுக்காகப் பாதைக்கு மேலே மின்கம்பி போடுவது ஒரே ஒரு முறை செய்யும் பெரிய செலவு. அதன் கீழே ஒரு வண்டி ஓடினாலும் முப்பது வண்டி ஓடினாலும் அந்தச் செலவு மாறாது. கல்யாண மண்டபத்து வாடகை மாதிரி: ஐம்பது பேர் சாப்பிட்டாலும் ஐந்நூறு பேர் சாப்பிட்டாலும் வாடகை ஒன்றே, தலைக்கு எவ்வளவு என்பதுதான் மாறும்.

ஆகவே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பாதையில் 24 மணி நேரத்தில் எத்தனை வண்டி போகிறது என்று எழுதுங்கள். போவதும் வருவதும் தனித்தனி வண்டி. ஊருக்கு ஊர் நிற்கும் வண்டி எத்தனை, எக்ஸ்பிரஸ் எத்தனை, கூட்ஸ் எத்தனை என்று மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வாராந்திர வண்டியை ஏழால் வகுத்துச் சேருங்கள். கால அட்டவணையை மட்டும் நம்பாதீர்கள். நாகர்கோவிலுக்கு அரிசியும் உரமும் கொண்டுவரும் கூட்ஸும், பெட்டி இல்லாமல் தனியாகப் போகும் லைட் எஞ்சினும் அதில் இருக்காது. ஸ்டேஷனில் நின்று எண்ணினால்தான் தெரியும்.

ஒரு லிட்டருக்கு நாலு யூனிட்

அடுத்தது டீசலையும் கரண்டையும் ஒரே தராசில் வைப்பது. இதை ஒரு தடவை புரிந்துகொண்டால் பிறகு எந்தப் பாதைக்கும் கணக்குப் போடலாம்.

நாம் டீசல் எஞ்சின் என்று சொல்வது உண்மையில் நடமாடும் ஜெனரேட்டர். உள்ளே டீசல் எரிந்து ஜெனரேட்டரைச் சுற்றும். அதில் வரும் கரண்டுதான் அடியில் இருக்கும் மோட்டார்களைச் சுற்றி வண்டியை இழுக்கும். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் அளவு வெப்பம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் புகைபோக்கியிலும் ரேடியேட்டரிலும் போய்விடும். ஜெனரேட்டர், மோட்டார், காற்றாடி, கம்ப்ரஸர் எல்லாம் எடுத்தது போகச் சக்கரத்துக்கு மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்கு. அதாவது 3.3 யூனிட் போல.

கரண்ட் எஞ்சினுக்கு எரிப்பது வேறெங்கோ நடக்கிறது. ரயில்வே சப் ஸ்டேஷனில் மீட்டரைத் தாண்டி 25,000 வோல்ட்டில் கம்பிக்கு வரும் ஒவ்வொரு யூனிட்டிலும், கம்பியிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் மோட்டாரிலும் இழப்பது போக 80 சதவீதம் சக்கரத்துக்குப் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஒரு லிட்டர் டீசல் செய்யும் வேலையைச் செய்ய மீட்டரில் 4 யூனிட் ஓட வேண்டும்.

இதுதான் சாவி. ஒரு லிட்டருக்கு 4 யூனிட்.

இப்போது விலையைப் போடுங்கள். கைக்கணக்குக்கு டீசல் லிட்டர் 90 ரூபாய், ரயில்வே வாங்கும் கரண்ட் யூனிட் ஏழரை ரூபாய் என்று எடுத்தோம். நீங்கள் கணக்குப் போடும் நாளின் விலையை அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். 90 ரூபாய் டீசல் செய்யும் வேலையை 30 ரூபாய் கரண்ட் செய்கிறது. மூன்றில் ஒரு பங்கு.

பத்துப் பெட்டியோடு ஊருக்கு ஊர் நிற்கும் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு இரண்டரை லிட்டர் வைத்தோம். டீசலுக்கு 225 ரூபாய், கரண்டுக்கு (10 யூனிட்) 75 ரூபாய். மிச்சம் 150. இருபத்திரண்டு பெட்டி எக்ஸ்பிரஸுக்கு நாலரை லிட்டர் என்றால் டீசல் 405, கரண்ட் 135. மிச்சம் 270.

இரண்டரை, நாலரை என்பதெல்லாம் ஒரு சராசரி. இடமும் காலமும் சேர்ந்து இதை மாற்றும். ஆனி ஆடியில் வள்ளியூர் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நாகர்கோவில் நோக்கி வந்து பார்த்தால் தெரியும். முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றும் அதே காற்று வண்டியின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். மற்ற மாதங்களில் ஆறாவது நாட்சில் (எஞ்சினின் விசையைக் கூட்டும் படி) வரும் இடத்தில் எட்டில் வைத்தும் வேகம் ஏறாது. டீசல் காலத்தில் டூட்டி முடிந்து இறங்கியதும் டார்ச் அடித்து, டேங்கின் பக்கவாட்டில் இருக்கும் அளவுக் கண்ணாடியைக் குனிந்து பார்த்து மிச்ச டீசலைக் குறிப்பேன். டபிள்யூ.டி.எம்-2 வகை டீசல் எஞ்சினின் டேங்க் 5,000 லிட்டர் பிடிக்கும். அந்தக் காற்றுக்கு எதிரே வந்த நாளில் எண்ணெய் மட்டம் ஒரு விரல்கடை தாழ்ந்து நிற்பது கண்ணுக்கே தெரியும். ஆகவே ஒரு நாள் அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். போகும்போதும் வரும்போதும், காற்றுக் காலத்திலும் மற்ற காலத்திலும் எடுத்துச் சராசரி பாருங்கள்.

கரண்ட் எஞ்சினில் இந்த வேலை சுலபம். டபிள்யூ.ஏ.பி-7 வகை எஞ்சினின் கேபினில் திரையிலேயே யூனிட் தெரியும். இரண்டு எண்: கம்பியிலிருந்து இழுத்தது ஒன்று, கம்பிக்குத் திருப்பிக் கொடுத்தது இன்னொன்று. ஸ்டேஷன் நெருங்கி எலெக்ட்ரிக் பிரேக்கை இழுத்தால் மோட்டார்களே ஜெனரேட்டராக மாறி, இரண்டாவது எண் மெல்ல ஏற ஆரம்பிக்கும். முதன்முதலில் அதைப் பார்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அத்தனை வருடம் பிரேக் கட்டையில் தேய்த்துச் சூடாக்கிக் காற்றில் விட்ட சக்தி, இதோ திரும்பிப் போகிறது என்று உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம். அடிக்கடி நின்று கிளம்பும் வண்டிக்குத்தான் இந்த லாபம் அதிகம். புது மும்முனை மெமுவிலும் இந்த வசதி உண்டு. பழைய டபிள்யூ.ஏ.பி-4-இல் கிடையாது. எந்த எஞ்சின் என்று பார்க்காமல் இந்த மிச்சத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கம்பிக்கு ஆகும் காசு

2018 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை மீதியிருந்த அகலப் பாதைகளை மின்மயமாக்க ஒப்புதல் கொடுத்தது: 13,675 கிலோமீட்டர் பாதை, 12,134 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள், கிலோமீட்டருக்கு 89 லட்சம் போல வரும். பிறகு விலைவாசி ஏறியதையும், எதிர்பாராமல் வரும் வேலையையும் சேர்த்து நாங்கள் ஒற்றைப் பாதைக்குக் கிலோமீட்டருக்கு ஒன்றரைக் கோடி என்று வைத்தோம். இரட்டைப் பாதை என்றால் கம்பியும் இரண்டு. அதை மறந்துவிட்டு ஒற்றைப் பாதைச் செலவை வைத்து இரட்டைப் பாதை வண்டிகளை எண்ணுவது நிறையப் பேர் செய்யும் தப்பு.

இந்த ஒன்றரைக் கோடியை வீட்டுக் கடன் மாதிரி நினையுங்கள். 7 சதவீத வட்டி, 35 வருடத் தவணை. வருடத்துக்கு 11 லட்சத்து 60 ஆயிரம் கட்ட வேண்டும். கம்பியைப் பராமரிக்க வருடத்துக்கு 2 லட்சம் சேருங்கள். எங்கள் ஊர் மாதிரி கடலோரத்தில் இதைக் குறைத்துப் போடாதீர்கள். உப்புக் காற்று இன்சுலேட்டரில் படிந்தால் கரண்ட் கசியும், அடிக்கடி துடைக்க வேண்டும். ஆகமொத்தம் 13 லட்சத்து 60 ஆயிரம். 365-ஆல் வகுத்தால் ஒரு கிலோமீட்டர் கம்பிக்கு ஒரு நாள் வாடகை 3,726 ரூபாய்.

இப்போது ஒரு வகுத்தல்தான் பாக்கி. நிறுத்தி நிறுத்திப் போகும் வண்டி ஒன்று கிலோமீட்டருக்கு 150 மிச்சம் தருகிறது. எஞ்சின் பராமரிப்பிலும் மிச்சம் இருக்கிறது. பிஸ்டன், இன்ஜெக்டர், டர்போ, லூப் ஆயில் எதுவும் கரண்ட் எஞ்சினில் இல்லை. அதற்குக் கிலோமீட்டருக்கு 40 ரூபாய் வைத்தோம். மொத்தம் 190. 3,726-ஐ 190-ஆல் வகுத்தால் 20. ஒரு நாளைக்கு 20 சின்ன வண்டி, அதாவது பத்து ஜோடி ஓடினால் கம்பி தன் செலவைத் தானே எடுத்துவிடும். எக்ஸ்பிரஸ் என்றால் மிச்சம் 310, ஆகவே 12 வண்டி போதும். எட்டு எக்ஸ்பிரஸும் எட்டுச் சின்ன வண்டியும் ஓடும் பாதையில் தினம் 4,000 ரூபாய் மிச்சம். வாடகை போக மீதி கொஞ்சம் நிற்கும். ஆறே ஆறு சின்ன வண்டி ஓடும் கிளைப் பாதையில் மிச்சம் 1,140. வாடகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

தம்பி மகளுக்கு இது பெரிய அதிர்ச்சி. "அப்போ சில பாதைக்கு டீசல்தான் சரியா பெரியப்பா?" என்றாள். அந்தப் பாதையைத் தனியாக எடுத்துப் பார்த்தால் சரிதான், மக்ளே.

இதோடு நிறுத்தாமல் எண்களை அசைத்துப் பாருங்கள். டீசல் 60 ரூபாய்க்கு இறங்கினால் 20 வண்டி என்பது 32-ஐத் தாண்டும். டீசல் 90-ஆகவே இருந்து வட்டி 10 சதவீதம் ஆனால் 25 வண்டி வேண்டும். இந்த இரண்டில் வட்டியை யாரும் கவனிப்பதில்லை. கட்டுமானச் செலவு எகிறுவதையும் பாருங்கள். இங்கிலாந்தில் லண்டனிலிருந்து மேற்கே கார்டிஃப் வரை கம்பி போடும் வேலைக்கு 2014-இல் போட்ட மதிப்பீட்டில் 120 கோடி பவுண்ட் கூடி, 2016-இல் 280 கோடியாகிவிட்டது. அடுத்த ஊரான ஸ்வான்சீ வரை போட வேண்டிய கம்பியை 2017-இல் கைவிட்டார்கள். இப்போது அங்கே கம்பி இருக்கும் வரை கரண்டிலும், கம்பி முடிந்ததும் டீசலிலும் ஓடும் வண்டிகள் போகின்றன. கரண்டில் ஓடும்போதும் டீசல் எஞ்சின்களின் எடையைச் சுமந்துகொண்டேதான் ஓட வேண்டும்.

இன்னொன்று, வரி. டீசல் விலையில் வரி பெரிய பங்கு. ரயில்வேக்கு அது செலவு. அரசாங்கத்துக்கு அது வரவு. ரயில்வேயின் லாபத்தைக் கேட்டால் முழு விலையைப் போடுங்கள். நாட்டுக்கு என்ன லாபம் என்று கேட்டால் வரியைக் கழித்துவிட்டுப் போடுங்கள். அப்போது மிச்சம் குறையும், ஆனால் மறையாது. நாம் எரிக்கும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பேப்பரில் வராத செலவு

டீசல் எஞ்சின் சும்மா நின்றாலும் குடிக்கும். பழைய ஆல்கோ எஞ்சினை அணைத்தால் திரும்பக் கிளப்புவது பெரிய பாடு என்று, கிராஸிங்குக்கு நிற்கும்போதும் யார்டில் கிடக்கும்போதும் ஓடவே விட்டிருப்போம். மணிக்கு 25 லிட்டர் போல போகும். பிற்காலத்தில் துணை எஞ்சின் வைத்து அதை 3 லிட்டருக்குக் கொண்டுவந்தார்கள். ஒற்றைப் பாதையில் எதிர் வண்டிக்காக அரை மணி நிற்பது அன்று சாதாரணம். ஒரு பயணத்தில் இரண்டு தடவை அப்படி நின்றால் 25 லிட்டர் போச்சு. கிலோமீட்டர்க் கணக்கில் இது தெரியாது. நிற்கும் நேரத்தைத் தனியாகக் குறித்தால்தான் பிடிபடும்.

எண்ணெய் போட, தண்ணீர் போட டீசல் எஞ்சின் அடிக்கடி வேலையை விட்டு ஒதுங்க வேண்டும். அந்த எண்ணெயைக் கொண்டுவரவே ஒரு டேங்கர் வண்டி ஓட வேண்டும். கரண்ட் எஞ்சினுக்கு இது எதுவும் இல்லை. வந்த எஞ்சின் அடுத்த வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். அதே வேலைக்குக் குறைவான எஞ்சின் போதும். எல்.எச்.பி. என்கிற புது வகைப் பெட்டி வண்டிகளில் விளக்குக்கும் ஏ.சி.க்கும் கடைசியில் ஜெனரேட்டர் பெட்டி மாட்டி டீசல் எரிப்பார்கள். பெட்டிகளுக்கும் கரண்ட் கொடுக்கும் வசதியுள்ள கரண்ட் எஞ்சின் முன்னால் இருந்தால், அதற்கும் மேலே இருக்கும் கம்பியிலிருந்தே கரண்ட் கிடைத்துவிடும்.

கரண்ட் பக்கம் மறைந்திருக்கும் செலவையும் நேர்மையாக எழுத வேண்டும். ஒரு மழைக்கால ராத்திரி, குழித்துறைக்கும் இரணியலுக்கும் நடுவே தென்னை மட்டை ஒன்று கம்பியில் விழுந்து கரண்ட் போய்விட்டது. எஞ்சின் கூரையிலிருந்து கம்பியைத் தொடும் பேன்டோவை இறக்கிவிட்டு, பேட்டரி விளக்கில் இரண்டரை மணி நேரம் நின்றோம். ஒரு அம்மா தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எஞ்சின் பக்கம் நடந்து வந்து, "சாரே, எப்போ போவும்?" என்று கேட்டார். "கம்பியைச் சரி பண்ணிட்டு இருக்காங்க அம்மா, கரண்ட் வந்த உடனே போயிரலாம்" என்றேன். அதைத் தவிர என் கையில் ஒன்றும் இல்லை. டீசலாக இருந்தால் மட்டையை ஒதுக்கிவிட்டு ஐந்து நிமிடத்தில் போயிருப்பேன். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் மாவட்டம் முழுக்க மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்ததை நாமெல்லாம் பார்த்தோம். தென்னையும் ரப்பரும் நெருங்கி நிற்கும் நம் பாதையில் மரக்கிளை வெட்டும் செலவைப் பராமரிப்புக் கணக்கில் சேருங்கள். கூப்பிட்டால் வர ஒன்றிரண்டு டீசல் எஞ்சின் பக்கத்தில் நிற்கும் செலவையும் சேருங்கள். இதை வீண் செலவு என்று நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன்.

சுற்றுச்சூழல் பற்றி எழுதுவதாக இருந்தால் கவனம் தேவை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ கரியமில வாயு வரும். இந்திய மின்சாரம் சராசரியாக யூனிட்டுக்கு 0.7 கிலோ. நாலு யூனிட்டுக்கு 2.8 கிலோ. கிட்டத்தட்ட சமம்! நிலக்கரிக் கரண்டாக இருக்கும் வரை புகை இடம் மாறுகிறது, அவ்வளவுதான். ஆனால் டீசல் எஞ்சின் என்றைக்கும் டீசலைத்தான் எரிக்கும். கம்பிக்குள் வரும் கரண்டை மாற்றலாம். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை திருநெல்வேலி மாவட்டத்துக் கஸ்தூரிரங்கபுரத்தில் 10.5 மெகாவாட் காற்றாலை வைத்திருக்கிறது. கணவாயைத் தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே சுற்றுவதெல்லாம் நம் வண்டியை இழுக்கத் தகுந்த சக்திதான். அதற்கான பலன் கரண்ட் எஞ்சினுக்கு மட்டுமே கிடைக்கும்.

வால் பாதையைத் தனியாக வெட்டாதீர்கள்

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி 16 கிலோமீட்டர். இதை மட்டும் வெட்டி எடுத்து மேலே சொன்ன கணக்கைப் போட்டால், ஓடும் வண்டிகளைப் பொறுத்து இழுபறியாகத்தான் வரும். ஆனால் அந்த 16 கிலோமீட்டருக்குக் கம்பி இல்லை என்றால் என்ன நடக்கும்? சென்னையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ வரும் வண்டி நாகர்கோவிலில் எஞ்சின் மாற்ற வேண்டும். கரண்ட் எஞ்சினைக் கழற்றி, டீசலைக் கொண்டுவந்து மாட்டி, பிரேக் சோதனை செய்து கிளம்ப இருபது, முப்பது நிமிடம். ஷன்டிங் ஆட்கள், காத்து நிற்க ஒரு டீசல், ஒரு பிளாட்பாரம். இல்லையென்றால் தூரத்திலிருந்தே டீசலை மாட்டி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கம்பிக்கு அடியிலேயே டீசலை எரித்துக்கொண்டு வர வேண்டும். கம்பிக்கும் வாடகை, டீசலுக்கும் காசு. ரயில்வேயில் இதைவிட வயிறு எரியும் செலவு எனக்குத் தெரிந்து இல்லை. ஆகவே வால் பாதைக்குக் கணக்குப் போடும்போது, அந்த 16 கிலோமீட்டர் இல்லாததால் மற்ற இடத்தில் எத்தனை கிலோமீட்டர் டீசல் எரிகிறது என்பதையும் மிச்சத்தில் சேருங்கள். விடை தலைகீழாக மாறும்.

கம்பி போடாமல் சமாளிக்க வேறு வழியும் இருக்கிறது. ஜப்பானில் காராசுயாமா என்று 20.4 கிலோமீட்டர் கிளைப் பாதை, ஏறக்குறைய நம் கன்னியாகுமரி வால் அளவுதான். 2014-இலிருந்து அங்கே பேட்டரி வண்டி ஓடுகிறது. பெரிய பாதையில் கம்பியிலிருந்து கரண்ட் எடுக்கிறது, கிளைப் பாதையில் பேட்டரியில் போகிறது, கடைசி ஸ்டேஷனில் நின்று சார்ஜ் ஏற்றித் திரும்புகிறது. இரண்டு மூன்று பெட்டி வண்டி போதும் என்கிற பாதைக்கு நல்ல யோசனை. இருபது பெட்டி வந்து நிற்கும் கன்னியாகுமரிக்கு அது பொருந்தாது.

மனுவுக்கு வேண்டிய பக்கம்

இதுவரை போட்டது கம்பி போடலாமா என்ற கணக்கு. நம் மாவட்டத்தில் கம்பி ஏற்கெனவே இருக்கிறது. அப்போது கேள்வியே வேறு. கம்பிக்கான வாடகையை இன்று ஓடும் வண்டிகள் கட்டிக்கொண்டிருக்கின்றன. கூடுதலாக ஒரு வண்டி கேட்டால், அந்த வண்டிக்கு மட்டும் எவ்வளவு கூடும் என்று பார்த்தால் போதும்.

எட்டுப் பெட்டி மெமு, கிலோமீட்டருக்கு 8 யூனிட் என்று வைத்தோம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் 71 கிலோமீட்டர். 568 யூனிட், 4,260 ரூபாய். டிக்கெட் 20 ரூபாய் என்று வைத்தால் 213 பேர் ஏறினால் கரண்டுக் காசு வந்துவிடும். தம்பி மகள் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் காலை வண்டியில் ஏறுபவர்களில் பாதிப் பேர் சீசன் டிக்கெட். மாதத்துக்குப் பதினைந்து ஒற்றைப் பயணக் காசு கட்டி, போவதும் வருவதுமாக ஐம்பது தடவை ஏறுவார்கள். ஒரு தடவைக்கு 6 ரூபாய்தான் விழும். பாதிப் பேர் 20, பாதிப் பேர் 6 என்றால் சராசரி 13. அப்போது 328 பேர் வேண்டும். இதே வண்டி டீசலில் ஓடினால் கிலோமீட்டருக்கு 2 லிட்டர், 142 லிட்டர், 12,780 ரூபாய். 983 பேர் ஏற வேண்டும். மனுவில் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொன்னேன்.

இது எரிசக்திக் காசு மட்டும் என்று அதே பக்கத்தில் எழுதவும் சொன்னேன். ஓட்டுநர், கார்டு சம்பளம், பெட்டிப் பராமரிப்பு, ரேக் (ஒரு வண்டிக்கான பெட்டிகளின் கோர்வை) எங்கிருந்து வரும் என்பதெல்லாம் தனி. பெரும்பாலும் ராத்திரி சும்மா நிற்கும் ரேக் ஒன்று இருக்கும். எந்த ஸ்டேஷனில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று நேரில் பார்த்துக் குறித்துக் கொடுத்தால் மனுவுக்கு எடை கூடும். இரண்டு பக்கமும் ஓட்டுநர் கேபின் இருப்பதால் மெமுவுக்கு எஞ்சினைச் சுற்றிக் கொண்டுவரும் வேலை இல்லை. கடைசி ஸ்டேஷனில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் திரும்பலாம். உண்மையான தடை கரண்ட் செலவு கிடையாது. பாதையில் இடம் இருக்கிறதா என்பதுதான். ஒற்றைப் பாதையாக இருக்கும் இடங்களில் எதிர் வண்டி எங்கே தாண்டும் என்று கால அட்டவணையை வைத்து நாமே ஒரு நேரத்தைச் சொல்ல வேண்டும். சும்மா "காலையில் ஒரு வண்டி" என்று கேட்டால், பாதையில் இடமில்லை என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். எனக்குத் தெரிந்த பழைய மனு ஒன்று அப்படித்தான் திரும்பி வந்தது. மனுவைத் திருவனந்தபுரம் கோட்ட மேலாளருக்கு அனுப்புங்கள், நகலைச் சென்னையில் பொது மேலாளருக்கும் எம்.பி.க்கும் அனுப்புங்கள்.

இருட்டும் நேரத்தில் ஒரு முழுப் பக்கம் தயாராகிவிட்டது. எல்லாக் கட்டத்திலும் எண் விழுந்துவிட்டது, ஒன்றைத் தவிர: காலை ஆறு முதல் எட்டு வரை எந்த ஸ்டேஷனில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், அதில் எத்தனை பேர் சீசன். 328-க்குப் பக்கத்தில் எழுத வேண்டிய எண் அது. திங்கள்கிழமை காலையில் அவள் இரணியலில் நிற்கிறாள், நான் குழித்துறையில். நோட்டும் பேனாவும் எடுத்து வைத்தாகிவிட்டது.